ஒரு நிமிடம் தேடலாம்

தண்ணிக்குள்ளார ஒரு லாரி நிக்குது அம்மிணி, என்கிறார் என் வீட்டுக்காரர், நிக்குதா சாஞ்சு கெடக்குதா என்கிறேன் நான், நிக்குது, எல்லாச் சக்கரத்தையும் ஊனிட்டு, டிரைவர் இப்பத்தான் டீ குடிக்க எறங்கிப் போன மாதிரி, கதவு தொறந்து கெடக்குது, உள்ள சீட்டு இருந்த இடத்துல கெண்டை மீனுங்க போகுது வருது, அப்ப மீனுதான் ஓட்டுதுங்களா மாமா, என்று நான் கேட்டதும் வாயில் தோசையோடு சிரித்தார், எட்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தார், நான் கரண்டியும் கையுமாகச் சமையலறை நிலைப்படியில் நிற்கிறேன், அடுப்பில் தோசை கருகுகிறது, அவர் சொல்லிக்கொண்டே போகிறார், நாற்பதடி, பச்சைத் தண்ணீர், பாதியில் ஓர் இடத்தில் கோடு போட்டது போலச் சில்லென்று ஆகிவிடும், அதற்குக் கீழே இருட்டு, கையில் விளக்கு வேண்டும், இனிமே போகாதீங்க என்று சொல்ல வேண்டும், நாக்கு வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் இருந்தது, இன்னொண்ணு போடட்டுங்களா என்று மட்டும் கேட்டேன்.

அந்த எட்டு மாதத்தைச் சொன்னால்தான் நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்பது புரியும், சோமனூரில் இருந்த தறிப்பட்டறையைக் கைமாற்றிவிட்ட பிறகு, முப்பது வருடம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பேசிப் பழகிய மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார், கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார், சாப்படறீங்களா, ம், டாக்டர்கிட்டப் போலாமுங்களா, ம்ஹும், சுவரில் காலண்டர்கூடக் கிடையாது, வெறும் சுண்ணாம்பு, அதில் என்ன பார்த்தார் என்று இன்றுவரை தெரியாது, நான் குளிக்கப் போனால் சோப்பு போடாமலே வெளியே வருவேன், நாற்காலியில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பேன், பிறகு கூரையில் ஊஞ்சல் மாட்டும் கொக்கியைப் பார்ப்பேன், எதற்கு அதைப் பார்க்கிறேன் என்று எனக்குள்ளேகூடச் சொல்லிக்கொள்ள மாட்டேன், ஒரு நாள் ஆசாரியைக் கூப்பிட்டு அந்தக் கொக்கியைக் கழற்றச் சொன்னேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொங்கல் விடுமுறைக்கு வந்த எங்கள் மகள் சம்யுக்தாதான் எங்களைப் பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போய், அப்பா சும்மா ஒருவாட்டி எறங்கிப் பாருங்கப்பா என்று கெஞ்சி, முதுகில் சிலிண்டரைக் கட்டிக் கடலுக்குள் இறக்கிவிட்டாள், அரை மணி நேரம், நான் படகில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன், மேலே வந்தவர் முகமூடியைக் கழற்றியதிலிருந்து கோயம்புத்தூர் வந்து சேரும்வரை பேசினார், ஒரு மீன், கறுப்புப் பட்டை போட்டது, என் கண்ணாடிகிட்ட வந்து நின்னுச்சு அம்மிணி, யாரு நீயின்னு கேக்கற மாதிரி. மறுவாரமே அவர் அப்படி முங்கிப் பழகும் ஒரு குழுவைக் கண்டுபிடித்துவிட்டார், பல்லடம் தாண்டி ஒரு பாறைக்குழி, கல் வெட்டி வெட்டி ஆழம் போய், ஒரு நாள் ஊற்று உடைந்து நிறைந்து, வேலை செய்த லாரியைக்கூட எடுக்க முடியாமல் விட்டுவிட்ட குழி, அந்தமானுக்குப் போகிற ஆசையில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேனில் வந்து பழகிவிட்டு மாலையில் திரும்பும் இடம், அவர்களோடு ஐம்பத்திரண்டு வயதில் இவரும் வேனில் ஏறினார், நானும் ஏறினேன், தூக்குப்போசியில் தயிர்சாதத்தோடு.

கரையில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி என்று யாரிடமும் சொன்னதில்லை, நான்கு பக்கமும் வெட்டிய பாறைச் சுவர், நடுவில் பச்சைத் தண்ணீர், அதில் ஒரு சின்ன மிதவை, ஆட்கள் இரண்டு இரண்டு பேராக மிதவையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து இறங்குவார்கள், தலை மறையும், பிறகு வெறும் குமிழிகள், நான் குமிழிகளைத்தான் பார்ப்பேன், அவர் மூச்சு விட்டால் ஒரு கொத்து வரும், அடுத்த கொத்து வரும்வரை என் மூச்சும் நிற்கும், அப்படி நாற்பது நிமிடம், பிறகு கனவிலும் அதே தண்ணீர், எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கப் பச்சைத் தண்ணீர் நிறைந்திருக்கிறது, அவர் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், குமிழி வரவில்லை, நான் ஓட்டின் மேல் நின்று குனிந்து பார்க்கிறேன், கனவு என்று தெரிந்தே பார்க்கிறேன், எழுந்தால் பக்கத்தில் அவர் குறட்டை விடுகிறார், அந்தக் குறட்டையை எண்ணிக்கொண்டே விடியும்.

அவருக்கு ஜோடியாக இறங்கிக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர், அவர் மைசூருக்குக் குடிபோய்விட்டார், ஜோடி இல்லாம யாரையும் எறக்க மாட்டேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டான் கிளாட்வின், அவன்தான் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பவன், தூத்துக்குடிக்காரன், முப்பத்தைந்து வயது, கடல் காற்றில் வெளுத்த தலைமுடி, அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது, சாமி, நானாகக் கேட்காமலே முடிந்துவிட்டது என்று நினைத்தேன், அவரோ வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை எடுத்தார், சுவரைப் பார்த்துப் போட்டார், நான் ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தேன், என் வாயிலிருந்து நான் நினைக்காத ஒன்று வந்தது, நான் வேண்ணா உங்ககூட எறங்கட்டுங்களா மாமா, அவர் திரும்பினார், நீயா என்றார், ஏன், எங்கப்பன் தோட்டத்துக் கெணத்துல சுரைப்புருடை கட்டி நீச்சல் படிச்சவ நானு, உங்களுக்கு முன்னாடி. கிளாட்வினுக்கு ஒரே சிரிப்பு, எங்க தாத்தா காலத்துல முத்துக்கு முங்குறவனுக்கு மேல நின்னு கயித்தப் புடிக்கது மச்சினன்தான் அக்கா, கூடப்பொறந்தவ தாலியாச்சே, கண்ண மூடாமப் புடிச்சிருப்பான், இங்க மச்சினனுக்குப் பதிலா அக்காவே வந்துட்டிய, அண்ணாச்சிக்கு இனி என்ன கொறை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், நான் இறங்கியது தைரியத்தால் என்று இன்றும் சம்யுக்தா நினைத்துக்கொண்டிருக்கிறாள், கரையில் உட்கார்ந்து குமிழியைப் பார்க்க இனி என்னால் முடியாது என்பதால்தான் இறங்கினேன். கிளாட்வின் பாடம் பாடமாகச் சொன்னான், எல்லாவற்றையும் மறந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது என்றான், ஜோடியத் தொலைச்சிட்டா ஒரு நிமிசம் தேடலாம், சுத்திப் பாருங்க, மேல பாருங்க, கீழ பாருங்க, அறுவது எண்ணுங்க, ஆளக் காணலன்னா அதுக்கு மேல தேடாதிய, மேல வந்துருங்க, ரெண்டு பேரும் மேல வந்துட்டா ரெண்டு பேரும் இருப்பிய, ஒருத்தர் கீழயே கெடந்து தேடுனா, என்று நிறுத்தி, தலையைச் சொறிந்துகொண்டு, வேற பேசுவோம் என்றான்.

முன்னால் அவர், பின்னால் நான், அது தண்ணீருக்குள் தொடங்கிய பழக்கம் இல்லை, கல்யாணமான மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் போக ஈரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம், அவர் நான்கு எட்டு முன்னால் நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை, புதுப் பட்டுப்புடவை தடுக்க, பலகாரக் கூடையோடு, கூட்டத்தில் அவருடைய வெள்ளைச் சட்டை முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினேன், எத்தனை வெள்ளைச் சட்டை, ஒரு தடவை வேறு யாரோ ஒருவர் முதுகின் பின்னால் பத்தடி போய்விட்டேன், திரும்பினால் அவர் பஸ் படிக்கட்டில் நின்று, என்ன அம்மிணி வேடிக்க பாத்துட்டு வர்றயா என்கிறார், என் கையைப் பிடித்துக்கொண்டு நடங்கள் என்று கேட்கலாம் என்று அன்றைக்கே தோன்றியது, கேட்கவில்லை, எங்கள் பக்கம் நாலு பேர் பார்க்க யாரும் பெண்டாட்டி கையைப் பிடிப்பதில்லை, கைகோர்வைச் சீரில் மணவறையில் என் விரலை அவர் விரலோடு கோத்துவைத்தார்கள், அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது, அட இவருக்கும் பயமா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன், வெளியில் நாலு பேர் முன்னால் அவர் கை என் கையைத் தொட்டது அதுதான் முதலும் கடைசியும், இருபத்து நான்கு வருடம், மருதமலை கும்பலில், சம்யுக்தாவைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில், திருச்செந்தூர் கடற்கரையில், எங்கும் அந்த முதுகுதான், அன்பில்லாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைப்பவர், நான் ரசித்த புடவையை இரண்டு வருடம் கழித்து ஞாபகம் வைத்து வாங்கி வருபவர், கையைப் பிடிப்பது மட்டும் அவருக்கு வராது, கேட்பது மட்டும் எனக்கு வராது.

ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்த ஞாயிறு அது, சுற்றிலும் உள்ள செம்மண் கரைந்து குழிக்குள் இறங்கியிருந்தது, கிளாட்வின் முதலில் தான் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, கலங்கித்தான் கெடக்கு, நீட்டுன கை தெரியுது அதுக்கு மேல தெரியல, லாரி வரைக்கும் போயிட்டுத் திரும்பிருங்க, ஜோடி ஜோடியாக் கையப் புடிச்சுக்கிடுங்க, விடக் கூடாது என்றான், தாடி வைத்த ஒருவன், நித்திலன், அங்கிள் கெட்டியாப் புடிங்க, ஆன்ட்டி லாரிய எடுத்துட்டுக் கெளம்பிடப் போறாங்க என்று கத்தினான், பெண்கள் எல்லாம் ஓ என்று கூவினார்கள், இவர் காது சிவந்துவிட்டது, அட ஏனுங்க தம்பி, இருவத்தி நாலு வருசமா எம் பின்னாலயேதான் வந்துட்டிருக்கறா, இங்க மட்டும் எங்க போயிருவா என்றார், நான் அப்போது கையை நீட்டினேன், நிஜமாகவே நீட்டினேன், கறுப்பு உறை மாட்டிய கை, அவர் பார்த்தார், நான் முகமூடி கேட்கிறேன் என்று நினைத்து என் முகமூடியை எடுத்து, கண்ணாடியில் துப்பித் துடைத்து, பனி பிடிக்காதபடி அழகாகக் கழுவி, அந்தக் கையில் வைத்தார், அதைத்தான் மாட்டிக்கொண்டேன், காற்றுக் குழாயின் வாய்க்கட்டையைக் கடித்துக்கொண்டேன், அதன் பிறகு எதையும் கேட்க முடியாது.

கயிற்றைப் பிடித்து இறங்கினோம், பச்சை பழுப்பாகி, பழுப்பு இருட்டாகி, சில்லென்ற கோடு காலைத் தொட்டு நெஞ்சுக்கு ஏறியது, என் மூச்சு என் காதில் தறி மாதிரி அடிக்கிறது, லாரியின் முகப்பு என் கைவிளக்கு வெளிச்சத்தில் கிடைத்தது, அவர் கயிற்றை விட்டு முன்னால் போனார், காலில் மாட்டிய மஞ்சள் துடுப்புகள் இரண்டு, மேலும் கீழும், மேலும் கீழும், அவற்றைப் பார்த்துக்கொண்டே போகிறேன், ஈரோடு பஸ் ஸ்டாண்டில் போகிறேன், வெள்ளைச் சட்டை, மஞ்சள் துடுப்பு, லாரியின் பின்பக்கம் அவர் திரும்பும்போது துடுப்பு ஒன்று தரையை உதைத்தது, அடி வண்டல் முழுதும் எழுந்து வந்தது, புகை மாதிரி, என் விளக்கு வெளிச்சம் ஒரு சுவராக மாறி என் முகத்தில் நின்றது, மஞ்சள் இல்லை, லாரி இல்லை, மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை, கையை நீட்டினேன், கை மறைந்தது, ஒன்று, இரண்டு, எண்ண ஆரம்பித்தேன், பன்னிரண்டில் ஏதோ தட்டுப்பட்டது, அவர் தோள் என்று இறுகப் பிடித்தேன், இரும்பு, லாரியின் கதவு, வழவழப்பாக ஏதோ ஒன்று என் கன்னத்தை உரசிப் போனது, கத்தினேன், வாய்க்கட்டைக்குள் கத்தினால் ஒரு மாடு கத்துவது போலக் கேட்கும், முப்பது, நாற்பது, திரும்புவார், இந்தத் தடவை திரும்பிப் பார்ப்பார், ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது, இன்னும் ஒன்று எண்ணலாம் என்று மனசு சொல்கிறது, கிளாட்வின் குரல் சொல்கிறது மேலே வா என்று, நான் வந்தேன், அவரைக் கீழே விட்டுவிட்டு வந்தேன், வேகமாக வரவும் கூடாது, நாம் விட்ட சின்னக் குமிழியை விட மெதுவாக வர வேண்டும், அந்தக் குமிழிகள் என்னைத் தாண்டித் தாண்டி மேலே போயின, என்னைவிட அவற்றுக்கு அவசரம்.

மேலே தூறல், மிதவையில் கிளாட்வின், அக்கா, அண்ணாச்சி எங்க, வரலீங்களா என்றேன், வரலியே, உங்ககூடத்தானே, எத்தன நேரமாச்சு, அறுவது எண்ணுனேனுங்க தம்பி, அறுவதுதான் எண்ணுனேன், அவன் சுற்றிலும் தண்ணீரைப் பார்த்தான், குமிழியைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது, நானும் தேடினேன், ஒவ்வொரு தூறல் துளியும் விழுந்த இடத்தில் ஒரு குமிழியை எழுப்பியது, குழி முழுக்கக் குமிழி, ஆயிரம், எது மழை, எது அவர் மூச்சு, மிதவையப் புடிச்சுக்கிடுங்க, விட்டுறாதிய, என்று சொல்லிவிட்டுக் கிளாட்வின் போய்விட்டான், கரையில் நித்திலன் முழங்காலில் உட்கார்ந்திருந்தான், என் மணிக்கட்டுக் கடிகாரத்தில் எண்கள் மாறுகின்றன, மூன்று நிமிடம், நான்கு, அவர் ரசம் வைக்கிறார், மிளகைத் தட்டுகிறார், ஐந்து, மணவறையில் அந்த வியர்த்த கை, ஆறு, நாற்காலி, சுவர், கொக்கியைக் கழற்றியவள் இந்தக் குழிக்கு நானே கூட்டிக்கொண்டு வந்து விட்டேனே, ஏழு, நான் ஜோடியாக வராவிட்டால் அவர் வீட்டில் இருந்திருப்பார், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் உயிரோடு இருந்திருப்பார், எட்டு, ஒன்பது, சாமி, இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன் என்று வேண்டுகிறேன், உடனே இல்லை கேட்பேன் என்று மாற்றி வேண்டுகிறேன், திரும்பக் கொடு, நான் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. பதினோராவது நிமிடம், குழியின் அந்தக் கோடியில், பாறைச் சுவர் ஓரம், தண்ணீர் உடைந்தது, இரண்டு தலை, கிளாட்வின் அவரைக் கழுத்தோடு பிடித்திருக்கிறான், அவர் வாய்க்கட்டையைத் துப்பிவிட்டு, தண்ணீரை விழுங்கி விழுங்கி, அம்மிணி, அம்மிணீ, என்று பாறையைப் பார்த்துக் கத்துகிறார், நான்கு சுவரும் அம்மிணி அம்மிணி என்கின்றன, இங்கீங்க, மாமா இங்க இருக்கறனுங்க, என்று நான் கத்தியதும் திரும்பினார், என்னைப் பார்த்தார், அந்த முகத்தை நான் சொல்ல மாட்டேன்.

கரைக்கு இழுத்துப் போட்டார்கள், சிலிண்டரில் காற்றைக் காட்டும் முள் சிவப்பையும் தாண்டிக் கீழே படுத்திருந்தது, கிளாட்வினுக்குக் கோபத்தில் குரல் உடைந்தது, என்ன அண்ணாச்சி செஞ்சிய, படிச்சுப் படிச்சு சொன்னம்லா, ஒரு நிமிசம்னு, அறுவது எண்ண மறந்துட்டியளா, இவர் இருமினார், துண்டை யாரோ போர்த்தினார்கள், எண்ணுனேன் தம்பி, அறுவது எண்ணுனேன், அறுவதுக்கு மேலயும் எனக்கு எண்ணத் தெரியுமுங்களே, என்ன பண்றது, என்றார், கிளாட்வின் எழுந்து தண்ணீரில் இறங்கி மிதவைப் பக்கம் போனான், நான் அறுபதில் நிறுத்தினேன், விதிப்படி நான் செய்தது சரி, விதிப்படி வந்ததால்தான் கிளாட்வின் இறங்கினான், அவர் பிழைத்தார், எல்லாம் தெரியும், ஆனாலும் அவர் அறுபத்தொன்று எண்ணிய இடத்தில் நான் இல்லை என்பது என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது, லாரிக்கு உள்ள பூந்து பாத்தேன் அம்மிணி, சக்கரத்துக்கு அடியில கைய உட்டுப் பாத்தேன், என்று முணுமுணுக்கிறார், பல் கிடுகிடுக்கிறது, முதல் தடவையாத் திரும்பிப் பாத்தேன், நீ இல்ல.

பிறகு அவர் பாறையில் உட்கார்ந்து எதிரே இருந்த கல் சுவரைப் பார்த்தார், வெட்டிய தடம் கோடு கோடாக இருந்த சுவர், அதையே பார்த்துக்கொண்டு, போதும், நிறுத்திக்கலாம், இந்தச் சாமானெல்லாம் யாருக்காச்சும் குடுத்துப்போடலாம், வீட்டுலயே இருக்கலாம் என்றார், இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் நாக்கு நுனியில் வைத்திருந்து விழுங்கியதை அவரே சொல்லிவிட்டார், சரியுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தயிர்சாதத்தை எடுத்து வைத்துவிட்டு வேனில் ஏறிவிடலாம், நான் அவர் கண்களைப் பார்த்தேன், அவை ஏற்கனவே வீட்டுக்குப் போய்விட்டன, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டன, எனக்குத் தண்ணீரைவிட அதுதான் பயம், எப்போதும் அதுதான் பயமாக இருந்திருக்கிறது, ஈர உடையோடு அவர் முன்னால் போய், அந்தச் சுவர் மறையும்படி நின்றேன், நித்திலன் பார்க்கிறான், அந்தப் பெண்கள் பார்க்கிறார்கள், மிதவையிலிருந்து கிளாட்வின் பார்க்கிறான், பார்க்கட்டும், அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரலாம், தண்ணி தெளிஞ்சிருந்தா எறங்கலாம், எனக்குப் பயமாத்தான் இருக்குது, எப்பவும் பயமாத்தான் இருந்துச்சு, ஆனா நீங்க முன்னால போவாதீங்க மாமா, என்று சொல்லி, உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நீரில் ஊறிச் சுருங்கிய கையை அவர் முன் நீட்டினேன், அவர் என் முகமூடியைத் தேடிப் பக்கத்தில் துழாவினார், அது இல்லீங்க, என்றேன், குழியின் நான்கு சுவரும் கேட்கும்படி, என் கையைப் புடிச்சுக்கங்க.